குறுகலான இடம் என்றால் பயமா? நிலத்தடி வரலாற்றுத் தலங்களுக்குப் போய் வந்ததில் கற்றுக்கொண்டவை

நிலத்தடி நகரம், கல்லறைச் சுரங்கம், பாறைக்குள் குடைந்த அரசர் சமாதி என்று எதைப் பற்றிப் படித்தாலும் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கிற ஆள் நான். அதே நான்தான் கூட்டமான லிஃப்டில் கதவு மூடும்போது கழுத்தோரம் வியர்த்து நிற்பேன். இந்த இரண்டும் ஒருவரிடமே இருந்தால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை, இப்போதும் ஏற்க மாட்டேன். எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில், என்ன கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறோம் என்பதைச் சரியாகப் பார்த்துக்கொண்டால், நிலத்தடியில் இருக்கும் வரலாற்றில் பெரும்பகுதி நம் போன்றவர்களுக்கும் திறந்துதான் இருக்கிறது.

இத்தனை இடங்களுக்குப் போய் வந்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. பாதை எவ்வளவு குறுகல் என்பதைவிட, வேண்டாம் என்று தோன்றும்போது திரும்பி வர முடியுமா என்பதுதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. தோள் உரசுகிற இடத்தில்கூட, பின்னால் யாரும் இல்லை, பத்தடியில் ஒரு அறை வரும் என்று தெரிந்தால் நிம்மதியாக நடப்பேன். நல்ல அகலமான பாதையில் முன்னும் பின்னும் ஆட்கள் அடைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று தெரியாமல் நின்றால் அங்கேதான் நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும். அதனால் ஓர் இடத்தைப் பற்றி விசாரிக்கும்போது நான் முதலில் கேட்பது, "போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றா? நடுவில் திரும்பலாமா?" என்பதைத்தான். அகலம், உயரம் எல்லாம் அப்புறம்.

எல்லோருக்கும் இப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. ராக்மன், டெய்லர் என்ற உளவியலாளர்கள் 1993-இல் இந்தப் பயத்தை இரண்டு கூறாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று அடைபட்டுவிடுவோம், அசைய முடியாது, வெளியேற முடியாது என்கிற பயம். இன்னொன்று காற்று போதாமல் மூச்சு முட்டிவிடும் என்கிற பயம். இரண்டும் சேர்ந்தும் வரும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒன்று தூக்கலாக இருக்கும். உங்களுக்கு எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடினால் தாங்க முடியவில்லையா? தியேட்டரில் வரிசையின் நடுவில் உட்கார்ந்தால், எழுந்து போக நாலு பேரைத் தாண்ட வேண்டுமே என்று உறுத்துகிறதா? முதலாவது மூச்சுப் பயம், இரண்டாவது அடைபடும் பயம். எனக்கு இரண்டாவதுதான். இது தெரிந்தால் எந்த இடம் நமக்குக் கடினம் என்பதைப் போகும் முன்பே ஓரளவு ஊகிக்கலாம். மூச்சுப் பயம் உள்ளவருக்குப் புழுக்கமான இடம் கஷ்டம், குளிர்ச்சியாகக் காற்று ஓடும் குகை பரவாயில்லை. என்னைப் போன்றவருக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் ஒருவழிப் பாதைதான் கஷ்டம்.

துருக்கியில் கப்படோக்கியா பகுதியில் இருக்கும் டெரின்குயு நிலத்தடி நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பாதி அங்கேதான். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறையைக் குடைந்து, அடுக்கடுக்காக ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை போயிருக்கிறார்கள். 20,000 பேர் வரை கால்நடைகளோடு தங்கியிருக்க முடியும் என்று மதிப்பிடுகிறார்கள். 1963-இல் ஒருவர் தன் வீட்டைச் சீரமைக்கச் சுவரை இடித்தபோதுதான் இது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. தொழுவம், திராட்சை பிழியும் இடம், வளைகூரை போட்ட பள்ளிக்கூடம், அடியில் சிலுவை வடிவத்தில் ஒரு தேவாலயம், எதிரி வந்தால் உள்ளிருந்து உருட்டி வழியை அடைக்கும் வட்டக் கல் கதவுகள் என்று பார்க்க அவ்வளவு இருக்கிறது.

மேல் தளங்களில் பெரிய சிரமம் இல்லை. அறைகள் அகலம், நிமிர்ந்து நடக்கலாம். சிக்கல் கீழ்த் தளங்களுக்கு இறங்கும் படிக்கட்டில். குனிந்துதான் போக வேண்டும், ஒரு ஆள் அகலம், நீளமாகச் சரிவாக இறங்கிக்கொண்டே போகும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. நான் அந்தப் படிக்கட்டின் வாயில் நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது ஒரு பெரிய சுற்றுலாக் குழு கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. அவர்களின் பேச்சுச் சத்தம் முதலில் வந்தது, பிறகு ஒரு டார்ச் வெளிச்சம், அப்புறம் மூச்சு வாங்கியபடி ஒருவர் பின் ஒருவராகத் தலைகள். என் கைவிரல் நுனிகள் அப்போதே மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. கூட வந்த தம்பி அதைக் கவனித்துவிட்டான். "அக்கா, அவங்க எல்லாரும் ஏறி முடிக்கட்டும். நாம இந்த ரூம்லயே நிப்போம், ஒன்னும் அவசரமில்ல" என்றான். நின்றோம். சுவரில் கை வைத்துப் பார்த்தால் உளியின் தடம் சாய்கோடாக, விரல் பதிகிற அளவுக்கு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கோடும் யாரோ ஒருவர் ஓங்கி அடித்த ஒரு அடி. அந்தக் கோடுகளை விரலால் தடவியபடி நிற்கும்போது கவனம் என் நெஞ்சிலிருந்து சுவருக்குப் போய்விட்டது. குழு போய் முடிந்து, கீழே யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நான் முன்னால், தம்பி எனக்குப் பின்னால் நாலு படி இடைவெளி விட்டு, அப்படித்தான் இறங்கினோம்.

அந்த இடைவெளிதான் முக்கியம். நம் பின்னால் யாராவது முதுகை ஒட்டி வந்தால், திரும்பும் வழி அடைபட்டுவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. நம்பிக்கையான ஒரு ஆளைப் பின்னால் விட்டு, அவரிடம் "யாரையும் ஒட்ட விடாதே" என்று சொல்லி வைத்தால், அந்தப் பாதி பிரச்சினை அங்கேயே முடிகிறது. தனியாகப் போகிறவர்கள் அவசரப்படும் ஆட்களுக்கு வழிவிட்டு, ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவில் விழும் காலி இடத்தில் நடக்கலாம். காலையில் திறந்த உடனே போவது இன்னும் நல்லது. சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்குள் கடினமான பகுதியை முடித்துவிடலாம். அதே வட்டாரத்தில் கய்மக்லி என்ற இன்னொரு நிலத்தடி நகரமும் இருக்கிறது. ஆழம் குறைவு, பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது 4 தளங்கள்தான், ஆனால் பாதைகள் இன்னும் தாழ்வாகவும் குறுகலாகவும் இருக்கும். ஆழம்தான் பயம் என்பவருக்குக் கய்மக்லி, குறுகல்தான் பயம் என்பவருக்கு டெரின்குயுவின் மேல் தளங்கள் என்று நான் சொல்வேன்.

மூச்சுப் பயம் உள்ளவர்கள் டெரின்குயுவில் அவசியம் பார்க்க வேண்டியது காற்றுக் குழாய். சுமார் 55 மீட்டர் ஆழத்துக்கு நேர்குத்தாக இறங்கும் ஒரு தண்டு அது. அதன் ஓரமாக நின்றால் குளிர்ந்த காற்று முகத்தில் படும். ஆயிரக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் தங்க வேண்டும் என்று யோசித்துக் குடைந்தவர்கள் காற்றைத்தான் முதலில் யோசித்திருப்பார்கள். பராமரிக்கப்பட்டு, டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிற எந்தத் தலத்திலும் காற்று போதாமல் போகிற நிலை வராது என்பதை நான் அங்கே நின்றுதான் மனதார நம்பினேன்.

அப்படியானால் மூச்சு முட்டுவது போல ஏன் இருக்கிறது? பதற்றத்தில் நாம் வேகவேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைந்துபோகிறது. தலை லேசாகும், விரல் நுனி மரத்துப்போகும், மார்பு இறுகும், இன்னும் காற்று வேண்டும் என்று தோன்றும். இன்னும் வேகமாக இழுப்போம், இன்னும் மோசமாகும். காற்று குறைவாக இருப்பதால் வருவதில்லை இது, அதிகமாக மூச்சு விடுவதால் வருவது. அதனால் ஆழமாக இழு என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மெதுவாக வெளியே விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. 4 எண்ணி மூக்கால் இழுத்து, 6 எண்ணி விடுவது எனக்குச் சரிப்படுகிறது. இதைச் சுரங்கத்தில் போய் முதல் தடவை செய்து பார்ப்பதில் பயனில்லை. வீட்டில் சும்மா இருக்கும்போது, வண்டியில் போகும்போது, தூங்கப் போகும் முன்பு என்று பழகி வைத்திருந்தால்தான் தேவைப்படும் நேரத்தில் உடம்பு தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பதற்றம் ஏறும்போது அது ஏறிக்கொண்டே போகும் போலத் தோன்றும். போகாது. சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பிக்கும். அந்த உச்சத்தில் ஓடி வெளியேறினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் பதிவு செய்துகொள்ளும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும். முடிந்தால் கொஞ்சம் அகலமான ஒரு இடத்தில் நின்று, அது தணிந்தபின் வெளியே வாருங்கள். வெளியே வருவதில் எந்தத் தவறும் இல்லை, எப்போது வருகிறோம் என்பதில்தான் வித்தியாசம். முடியவே முடியவில்லை என்றால் உடனே வரலாம், யாருக்கும் எதையும் நிரூபிக்க நாம் போகவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. படியேறினால் யாருக்கும் நெஞ்சு வேகமாக அடிக்கும். நம் போன்றவர்கள் அதையே பயத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறோம். கீசாவின் பெரிய பிரமிடு நிலத்துக்கு மேலே இருந்தாலும் உள்ளே போவது சுரங்க அனுபவம்தான். மேலேறும் வழி ஏறத்தாழ 39 மீட்டர் நீளம், உயரம் சுமார் 1.2 மீட்டர் மட்டுமே, சரிவு 26 டிகிரி. முழுக்கக் குனிந்தபடி ஏற வேண்டும், எதிரே இறங்கி வருபவர்களும் அதே வழியில்தான். உள்ளே வெக்கை வேறு. பாதி வழியில் தொடை நடுங்கும், நெஞ்சு பறை அடிக்கும். இது பயமில்லை, குனிந்து ஏறுகிற உழைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன். அந்த வழி முடிந்ததும் சட்டென்று 8.6 மீட்டர் உயரத்துக்குக் கூரை எழும்பி நிற்கும் பெரிய கூடம் வந்துவிடும். இப்படி ஒரு இடம் வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் அந்த 39 மீட்டரைத் தாண்ட முடிந்தது. போகும் முன் சில வாரங்கள் படியேறிப் பழகியதும், மேசைக்கு அடியில் நுழைகிற உயரத்துக்குக் குனிந்து வீட்டுக்குள் நடந்து பார்த்ததும் உதவின. உடம்பு பழகிவிட்டால் மனம் பயப்படக் காரணம் ஒன்று குறைகிறது.

ஒருவழிப் பாதைக்கு நல்ல உதாரணம் பாரிஸின் கல்லறைச் சுரங்கம். பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், நகரத்துக் கல்லறைகளிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடுத்து வந்த எலும்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், பல லட்சம் பேருடையவை. 131 படிகள் இறங்கி, 1.5 கிலோமீட்டர் நடந்து, 112 படிகள் ஏறி வேறு ஒரு தெருவில் வெளியே வர வேண்டும். ஆழம் 20 மீட்டர், வெப்பநிலை எப்போதும் 14 டிகிரி அளவில். இறங்குவதும் ஏறுவதும் சுழற்படிக்கட்டு. எலும்புகள் இருக்கும் பகுதியைவிட அதற்குப் போகும் நீண்ட வெறும் நடைபாதைதான் எனக்குக் கடினமாக இருந்தது, ஏனென்றால் பார்க்க ஒன்றுமில்லை, எவ்வளவு தூரம் என்றும் புரியவில்லை, கூரையும் சில இடங்களில் தலைக்கு ரொம்பக் கிட்டே. நான் செய்தது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற நடை. "இன்னும் அரை மணி" என்று மனதுக்கு ஒரு எல்லை கொடுத்தால் அது அடங்கிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு அங்கே வரம்பு உண்டு, அதனால் கொஞ்சம் நின்றால் முன்னால் இருப்பவர்கள் போய்விடுவார்கள், பாதை காலியாகிவிடும். பாரிஸுக்கு அடியில் இதைத் தவிர அதிகாரபூர்வமாகத் திறக்கப்படாத சுரங்கங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குள் போவது 1955 முதல் தடை செய்யப்பட்டது. யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம், பயம் இல்லாதவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

ரோமாபுரியின் கல்லறைச் சுரங்கங்கள் வேறு மாதிரி. சான் கலிஸ்தோவில் மட்டும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பாதைகள் பல அடுக்குகளில் இருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், விட்டால் வெளியே வரவும் தெரியாது. அதாவது நினைத்தபோது தனியாகத் திரும்ப முடியாது. இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடுதான், ஆனால் காரணம் நியாயமானது. அங்கே நான் சுற்று தொடங்கும் முன்பே வழிகாட்டியிடம் போய், "எனக்குக் குறுகலான இடத்தில் கொஞ்சம் பதற்றம் வரும். உங்களுக்கு அடுத்து நான் நடக்கலாமா? முடியாமல் போனால் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. இப்படிக் கேட்கிறவர்கள் தினமும் வருவார்கள் போலிருக்கிறது. உள்ளே எத்தனை நிமிடம், எங்கே அகலமான அறை வரும், எங்கே வெளிச்சம் மேலிருந்து விழும் என்றெல்லாம் அவரே சொல்லிவிட்டார். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் வரிசையின் நடுவில் போய் நின்றுகொள்வதுதான் பெரிய ஆபத்து. நடுவில் நின்றால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. வழிகாட்டிக்கு அடுத்த இடம், இல்லையென்றால் கடைசி இடம். இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

ரோமில் பாதைகள் இரண்டு பேர் அருகருகே நடக்க முடியாத அகலம்தான், ஆனால் கூரை உயரம். சுவர் கிட்டே இருந்தாலும் தலைக்கு மேல் இடம் இருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகக் குழிகள், உடல்களை வைத்து மூடியவை. அவற்றில் நிறைய ரொம்பச் சின்னவை, குழந்தைகளுடையவை. மீன், நங்கூரம், புறா என்று கல்லில் கீறிய சின்னங்கள். அவற்றைப் பார்க்கத் தொடங்கியபின் என் மூச்சைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இதனால்தான் சொல்கிறேன், போகும் முன் அந்த இடத்தைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் கண் எதையாவது தேட வேண்டும். தேட ஒன்றும் இல்லாத கண்தான் சுவரை அளக்க ஆரம்பிக்கும்.

போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. சுரங்கம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு அது உண்மையில் நல்ல இடம். சுற்றுலாப் பாதை 135 மீட்டர் ஆழம் வரை போகிறது, ஆனால் உள்ளே பெரிய பெரிய மண்டபங்கள். 101 மீட்டர் ஆழத்தில் இருக்கும் புனித கிங்கா தேவாலயம் 54 மீட்டர் நீளம். தரை, சிற்பம், சரவிளக்கின் படிகம் எல்லாமே உப்பு. 1896-இல் தொடங்கி சுரங்கத் தொழிலாளர்களே பல பத்தாண்டுகளாகச் செதுக்கியது. அதன் நடுவில் நிற்கும்போது நிலத்தடியில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். சிக்கல் எங்கே என்றால், மேலே வருவது லிஃப்டில். தொழிலாளர்களுக்காகச் செய்த சின்னக் கூண்டு, இருட்டு, ஆட்களை நெருக்கி நிறுத்துவார்கள், கிளம்பும்போது ஒரு குலுக்கல். முழுச் சுற்றையும் சந்தோஷமாக முடித்துவிட்டு அந்த லிஃப்டின் முன்னால் வந்து நிற்கும்போது முகம் வெளிறிப்போகிறவர்களை என் குழுவிலேயே பார்த்தேன். எனக்கு இது முன்பே தெரிந்திருந்ததால் கடைசியாக ஏறிக் கதவோரம் நின்றுகொண்டேன், கண்ணை மூடி மூச்சை எண்ணினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மேலே வந்துவிட்டோம். உள்ளே போகும் வழியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், வெளியே வரும் வழியைப் பற்றி நீங்களாகத்தான் கேட்க வேண்டும். படியா, லிஃப்டா, எத்தனை பேர், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள்.

எல்லா இடமும் எனக்குச் சரிப்பட்டது என்று நினைக்க வேண்டாம். வியட்நாமின் கு சி சுரங்கங்களில், போர்க்காலத்தில் மனிதர்கள் மாதக்கணக்கில் வாழ்ந்த அந்தச் சுரங்கத்தின் ஒரு துண்டைப் பார்வையாளர்களுக்காக அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அகலப்படுத்தியும் உட்கார்ந்த வாக்கில்தான் நகர முடியும். வெக்கை, ஈரப்பதம், முன்னால் போகிறவர் நின்றால் நாமும் நிற்க வேண்டும். நடுநடுவே வெளியேறும் வழிகள் இருக்கின்றன, முதல் வழியிலேயே நான் மேலே வந்துவிட்டேன். தம்பி கடைசி வரை போனான். எனக்கு இதில் வருத்தம் துளியும் இல்லை. மேலே நின்று நான் பார்த்தவை, கரையான் புற்று மாதிரி மறைத்து வைத்த காற்றுத் துளைகள், இலைச்சருகுக்கு அடியில் ஒரு ஆள் இடுப்பளவே உள்ள மூடி, சமையல் புகையைத் தூரத்தில் கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விட்ட வாய்க்கால்கள். அந்த மக்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தச் சில மீட்டர்களே போதுமாக இருந்தன. இங்கே உள்ளே நுழையலாம் என்று நான் துணிந்ததே வெளியேறும் வழி கிட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்ததால்தான்.

படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். இப்போதைய போன் கேமராக்களில் அகலமாக எடுக்கும் லென்ஸ் இருக்கிறது, அது ஒரு ஆள் அகலப் பாதையைக்கூட வீட்டுக் கூடம் போலக் காட்டிவிடும். படத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். அவருடைய தோளுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, தலைக்கு மேல் எவ்வளவு என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதைவிட நல்லது, யாராவது வெட்டாமல் நடந்தபடியே எடுத்த வீடியோ. அதில் குறுகலான பகுதி எத்தனை விநாடி வருகிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் நம் மனம் கற்பனை செய்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், நேரில் போகும்போது ஏற்கனவே வந்த இடம் போல ஆகிவிடுகிறது.

முதல் தடவை போகிறவர்கள் கு சியிலோ பிரமிடிலோ தொடங்க வேண்டாம். இஸ்தான்புலின் பசிலிக்கா நீர்த்தொட்டி நல்ல தொடக்கம். 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் கட்டியது, நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது, ஆனால் 336 தூண்கள் நிற்கும் பரந்த கூடம், கூரை 9 மீட்டர் உயரம். இருட்டும் நிலத்தடியும் பழகிக்கொள்ளலாம், குறுகல் இல்லை. குஜராத்தின் ராணி கி வாவ் போன்ற படிக்கிணறுகளில் ஏழு அடுக்கு ஆழம் வரை சிற்பங்களைப் பார்க்கலாம், மேலே வானம் திறந்திருக்கும். எகிப்தில் அரசர்களின் பள்ளத்தாக்குக்குப் போனால், ஆறாம் ராம்செஸின் சமாதி அகலமான நேர்ப் பாதை, உள்ளே போகும்போதே திரும்பிப் பார்த்தால் வாசல் வெளிச்சம் தெரியும். அதே பள்ளத்தாக்கில் மூன்றாம் துட்மோஸின் சமாதிக்குச் செங்குத்தான படிகள், புழுக்கமும் அதிகம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவதைத்தான் இந்தப் பயத்துக்கான சிகிச்சையிலும் செய்கிறார்கள். லிஃப்டில் ஏற முடியவில்லை, ஸ்கேன் எடுக்கப் படுக்க முடியவில்லை என்று அன்றாட வாழ்க்கையே தடைபடுகிறவர்கள் சுற்றுலாவைத் திட்டமிடும் முன் உளவியல் நிபுணரைப் பாருங்கள், நன்றாகக் குணம் கிடைக்கிற பிரச்சினை இது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கையில் என்ன வைத்துக்கொள்வது என்று கேட்டால், முடிந்தவரை குறைவாக. முதுகுப் பை வேண்டவே வேண்டாம், அது சுவரில் உரசும் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டோம் என்று திடுக்கிடும். கழுத்தை இறுக்காத சட்டை, குளிருக்கு ஒரு மெல்லிய மேலாடை, தண்ணீர், சின்ன டார்ச். மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற யோசனை எனக்கு வரும், டார்ச் பாக்கெட்டில் இருந்தால் அந்த யோசனை அங்கேயே நின்றுவிடும்.

கூட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒன்னுமில்ல, பயப்படாதே" என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை, பயப்படுகிறவருக்கு அது அலட்சியமாகத்தான் கேட்கும். "இன்னும் ரெண்டு வளைவு, அப்புறம் ரூம்" என்று சொல்லுங்கள், அதுதான் காதில் ஏறும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், போட்டோவுக்கு நில் என்று குறுகலான இடத்தில் நிறுத்தாதீர்கள், திரும்பலாம் என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் திரும்புங்கள். கேட்டால் திரும்ப முடியும் என்ற உறுதி இருப்பதால்தான் பல பேர் திரும்பாமலே முடிக்கிறார்கள்.

இப்போது நான் விசாரித்துக்கொண்டிருப்பது மால்டாவின் ஹால் சஃப்லியேனி. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட நிலத்தடிக் கல்லறை, 1902-இல் கட்டட வேலையின்போது தற்செயலாகக் கண்டுபிடித்தது. உள்ளே இருக்கும் ஓவியங்கள் மனிதர்களின் மூச்சுக்காற்றாலேயே கெட்டுப்போகும் என்பதால் ஒரு சுற்றுக்கு 10 பேர், ஒரு நாளைக்கு 80 பேர் மட்டும்தான் அனுமதி. அந்த வரம்பு கல்லறையைக் காப்பாற்றப் போட்டது, ஆனால் கூட்டத்தைக் கண்டு மிரளும் என் போன்றவர்களுக்கும் நல்லதாகப் போயிற்று. நடுவில் வெளியேற வழி உண்டா, வழிகாட்டிக்கு அடுத்து நடக்க விடுவார்களா, எந்த இடம் ரொம்பக் குறுகல், அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். டிக்கெட் ரொம்ப முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்பதால், பதில் வந்த அன்றே தம்பிக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுவதாக இருக்கிறேன்.